பச்சைக் கதவில் ஒரு கை

சின்னவளுக்குக் கொஞ்ச நாளாக முன்கதவை விட்டால் வேறு நினைப்பே இல்லை. பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த ஷேட் கார்டில் பழைய பங்களாக்களின் நிறங்கள் பளபளவென்று வரிசை கட்டி நின்றன: கரும்பச்சை, மாதுளைச் சிவப்பு, மை நீலம். காலையில் கதவோடு வைத்துப் பார்த்தாள், மத்தியான வெயிலில் பார்த்தாள், விளக்கைப் போட்டும் பார்த்தாள். ஒரே நிறம் வேளைக்கு ஒரு முகம் காட்டியது.

"நீ கலர் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கேட்டார் கணவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தேக்குக் கதவு, தச்சரான அண்ணன் தன் கையால் இழைத்துக் கொடுத்தது. பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றதும் அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"தேக்கு மேல பெயிண்டா? அடிச்சுக்கோ. உன் முன்வாசப்படிய நான் மிதிச்சா ஏன்னு கேளு!"

வெயிலும் மழையும் பட்டு மரம் வெளுத்து வெடித்துவிட்டது என்று அவள் சொன்னது காதில் ஏறவே இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. முரட்டு மனிதர்தான். ஆனால் அவளுக்கு இருப்பது அந்த ஒரே அண்ணன். அவர் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது.

கடைசியில் கரும்பச்சையையே எடுத்தாள். பெயிண்டர் இரண்டாவது பூச்சை முடித்து, "காலை வரைக்கும் யாரும் தொடாதீங்க, பின்வாசல் வழியாப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் புதுக் கதவின் அழகைப் பார்க்க வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈரப் பச்சையின் நடுவில் ஒரு முழுக் கை பதிந்திருந்தது.

யார் கை? கணவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். சுத்தம். பெயிண்டருக்குப் போன் போட்டால், "என் கை படுமாம்மா?" என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார். கூரியர்காரரா? அவர் மணி அடிப்பார். மணி அடிக்காமல் யார் வந்து கதவைத் தொடுவார்கள்?

குறுகுறுப்புத் தாங்காமல் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். தட்டிய கை இல்லை, தடவிய கை. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே விரல்கள் மெல்லக் கீழே இறங்கியிருந்தன. அதில் மோதிர விரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

ரம்பம் தின்ற அண்ணன் விரல். வந்திருக்கிறார். தொட்டுப் பார்த்திருக்கிறார். கை ஒட்டிக்கொண்டதும் சத்தம் போடாமல் நழுவியிருக்கிறார்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, சோப்புக்கெல்லாம் பெயிண்ட் போகாது. தின்னர் போட்டுத் தேய்."

தண்ணீர் நின்றது.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் தணிந்து, "ஜன்னலுக்கு என்ன கலர்?"

"இன்னும் எடுக்கல."

"எடுத்துடாத. நான் வந்து பாக்குறேன்."

"வாண்ணே. கதவு இன்னும் காயல, பின்வாசல் வழியா வா."

"அதான் நானும் நெனச்சேன். முன்வாசப்படிய மிதிக்க மாட்டேன்னா மிதிக்க மாட்டேன்."