ஆறு டிகிரி என்று சொன்னவன்

1

கதைக்கு ஆள் தேடி நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

[மேலே உள்ள வரி பொய். அடிக்காமல் விட்டிருக்கிறேன், என்னைப் பற்றி உங்களுக்கு ஒரு அறிமுகமாக இருக்கட்டும்.]

அதற்காகத்தான் போனேன். எட்டு மாதமாக ஒரு பக்கம்கூட உருப்படியாக எழுதவில்லை. அக்காவின் வண்டிக்கு அவள் புருஷன், என் மாமா, வீட்டுக் கொட்டகையிலேயே முன் ஆக்ஸில் மாற்றப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நோட்டும் கையுமாகப் போய் நின்றேன்.

அக்கா மலைமேல் இருக்கும் செல்போன் கோபுரங்களுக்கு டீசல் கொண்டுபோகிறாள். வண்டி இருபத்தாறு வயதான ஃபோர் வீல் டிரைவ். அதன் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். தார் ரோட்டுக்கு அது சுகம், பாறைப் பாதைக்கு ஆகாது. ஒரே வருடத்தில் இரண்டு முறை சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை முறிந்தது. இரண்டாவது முறை, பீப்பாய்களோடு வண்டி சரிந்து ஒரு மரத்தில் முட்டி நின்றது. மரம் இல்லாவிட்டால் என்று யாரும் பேசவில்லை. மறு வாரமே மாமா பழைய அமைப்பை முழுக்க வெட்டியெறிந்துவிட்டு, பின்னால் இருப்பதைப் போல முன்னாலும் இரண்டு சக்கரங்களையும் குறுக்காக இணைக்கும் ஒரே ஆக்ஸில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்:

"அந்த மெக்கானிக் அவசரக்காரர். செய்த வேலையை இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. அன்றும்"

அன்றும் என்ன? இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மெக்கானிக் என்று நான் எழுதியது மாமாவைத்தான். ஆனால் மாமா ஒரு நட்டை முறுக்கினால் அதன்மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். சாப்பிட்டுவிட்டு வந்து, கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பல் தேய்த்த பிறகு பிரஷின் முடியை எண்ணி வைக்கிற ஆள் என்று அக்கா கேலி செய்வாள். அப்பேர்ப்பட்டவரை அவசரக்காரர் ஆக்குவதற்கு எனக்கு என்ன தேவை வந்தது? வந்தது. அதைத்தான் அடுத்த பகுதியில் எழுதுவதாக இருந்தேன்.

3

[இரண்டு முறை தள்ளிப்போட்டு எழுதிய பகுதி.]

ஆக்ஸில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். ஆறு டிகிரி என்றார் மாமா, அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. அந்தச் சாய்வு இருந்தால்தான், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும். குறைந்தால் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று வண்டிக்கே தெரியாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி ஸ்டாண்டில் தூக்கி நிற்கும்போது ஒரு அளவு காட்டும். இறக்கி, முழுப் பாரமும் சக்கரத்தில் விழுந்ததும் ஸ்பிரிங் அமுங்கி, அளவு மாறிவிடும். அதனால் முதலில் அங்கங்கே புள்ளியாக மட்டும் வெல்டிங் வைப்பார்கள். டேக் என்று பெயர். வண்டியை இறக்கி, மறுபடி அளந்து, சரிசெய்த பிறகுதான் முழு வெல்டிங். டேக்கை ஒரு தட்டில் உடைக்கலாம். முழு வெல்டிங்கை உடைக்க ஒரு நாள் ஆகும்.

வண்டி தூக்கி நின்றபோது நான்தான் அளவு பார்த்தேன். இடது சக்கரத்துக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டியிருந்த வட்டமான கருவியில் ஊசி ஆறில் நின்றது. பிறகு வண்டியை இறக்கினோம். வலது பக்கம் அடியில் படுத்திருந்த மாமா அங்கிருந்தே கேட்டார்.

"இப்ப எத்தனை மச்சான்?"

"ஆறு மாமா."

நான் ஊசியைப் பார்க்கவில்லை. நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தேன். இரும்பு எரியும் வாசனையைப் பற்றிய வரி. நன்றாகத்தான் வந்திருந்தது. அதை இந்தக் கதையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா முகமூடியை இறக்கிக்கொண்டு முழு வெல்டிங் வைத்தார்.

4

அக்கா ஓட்டிப் பார்க்கப் போனாள். நாற்பதில் ஒழுங்காகப் போன வண்டி அறுபதில் அலைய ஆரம்பித்திருக்கிறது. பாலம் தாண்டிய வளைவில் ஸ்டியரிங் திரும்பிவரவில்லை. எதிரே பஸ். உரசியதில் வலது பக்கக் கண்ணாடி மட்டும் போயிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இறங்கி, வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா இரண்டு நாள் தலைகீழாக நின்றார். ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார், டயரை மாற்றிப் பார்த்தார். சாய்வை மட்டும் பார்க்கவில்லை. அது நான் சொன்ன எண், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கைப்பக்குவம் போய்விட்டதோ என்னவோ, இனிமேல் சொந்த வண்டியில் கைவைக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த இரண்டு நாளும் நான் மாடி அறையில் உட்கார்ந்து, அவசரக்கார மெக்கானிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு பேனா ஓடியது. வெட்கம் கெட்ட சந்தோஷமாகவும் இருந்தது.

5

அக்கா காப்பி கொண்டுவந்தவள், நோட்டை எடுத்துப் படித்தாள்.

"வண்டிய எறக்கினப்புறம் அவரு ரெண்டாவது தடவ கேட்டாரே," என்றாள். "நான் அங்கதான நின்னேன்."

நோட்டை மூடி வைத்தாள்.

"பாத்துத்தான சொன்ன?"

[இங்கே நான் சொன்னதாக ஒரு பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். ஆகவே பதில் இல்லை. தலையைக் குனிந்தேன், அவ்வளவுதான் நடந்தது.]

"நீயே போய்ச் சொல்லிரு. நான் சொன்னா நல்லாருக்காது."

கீழே போய்ச் சொன்னேன். மாமா திட்டியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். கருவியை எடுத்து வைத்துப் பார்த்தார். ஊசி இரண்டில் நின்றது. இரும்பு அறுக்கும் கிரைண்டருக்குப் புது வட்டு மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

6

சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன. மாமா என்னை மன்னித்து, தோளில் தட்டுவது. (மாமா யாரையும் தொட்டுப் பேசுகிறவர் அல்ல.) அக்கா என்னை இனிமேல் வராதே என்று சொல்வது. (வேறு யார் வீட்டுக்கு நான் போவது?) வண்டி மலையில்

இல்லை. அதை எழுதமாட்டேன்.

7

நடந்தது இது. பழைய வெல்டிங்கை வெட்டி எடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மறுநாள் காலை மாமா புதிதாக டேக் வைத்தார். வண்டியை இறக்கினோம். அவர் வலது பக்கம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கருவி பழையபடி இடது பக்கம். அக்கா வாசலில் சாவியோடு நின்றாள். கோபுரங்களில் டீசல் தீர்ந்துகொண்டிருந்தது, மதியம் அவள் மலை ஏற வேண்டும்.

நோட்டை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"எத்தனை மச்சான்?"

மண்டியிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஊசி ஆடி நிற்கும்வரை காத்திருந்து, தள்ளிப் போய் ஒருமுறை, கிட்டே வந்து ஒருமுறை பார்த்தேன்.

"அஞ்சரை, மாமா."

[பொய் சொல்கிறவன் முழு எண்ணாகத்தான் சொல்வான் என்று நினைத்துவிடாதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு அரையும் காலும் சேர்த்துக்கொள்ளத் தெரியும்.]

குனிந்து அடியில் பார்த்தேன். மாமாவின் முகமூடி நெற்றிமேல் ஏறி நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து கருவிக்கு மூன்றடி. ஊர்ந்து வந்தால் தானே பார்த்துவிடலாம். முகமூடியை இறக்கினால் என் பேச்சை நம்பி வெல்டிங் வைத்துவிடலாம்.

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. என்னுடைய முதல் வரியையும், நான் அடித்ததையும், அடிக்காமல் விட்டதையும் இதுவரை படித்தவர் நீங்கள். என்னைப் பற்றி மாமாவுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். அஞ்சரை என்கிறேன். அக்கா சாவியோடு நிற்கிறாள். நீங்கள் ஊர்ந்து வந்து பார்ப்பீர்களா?