இடது பாதம்

ஊசி குத்தும்போது பிலோமி இரும வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

லூயிஸ் கண்ணை மூடிப் பாயில் படுத்துக்கொள்வான். அவள் தாலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவன் இடது பாதத்தில் குத்துவாள். கூடவே லேசாக இருமுவாள். "குத்துது" என்பான். இருமாமல் குத்தினால் பேசாமல் கிடப்பான். பத்து நாளாக இதே ஒத்திகை.

துறைமுகத்தில் இருபது வருஷமாக மூட்டை தூக்கியவன். முதுகெலும்பில் நரம்பு நசுங்கி, ஆஸ்பத்திரியில் அறுத்துச் சரிசெய்து நான்கு மாதம் ஆகிறது. தொடை வழியாகக் காய்ச்சிய கம்பிபோல் இறங்கிய வலி போயே போய்விட்டது. தையலும் ஆறிவிட்டது. பாதம் மட்டும் மரத்தது மரத்ததுதான். வெள்ளிக்கிழமை டாக்டர் ஊசி குத்திச் சோதித்து, சுமை தூக்கலாம் என்று சீட்டு எழுதினால்தான் வேலை.

மூட்டையைக் குத்தி இழுக்கிற அவனுடைய கொக்கி இன்னும் ஷெட் ஆணியில் தொங்கியது. அது தொங்குகிறவரை அந்த இடத்துக்கு வேறு ஆளைச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் கேங்கின் வழக்கம். அவன் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் சுமந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேங்கிலிருந்து கமால் வந்தான்.

"இன்னா லூயிசு, புதுமாப்ள கணக்கா பாய வுட்டு எந்திரிக்க மாட்டேன்ற? உன் மூட்டையும் தூக்கி எனுக்குக் கூன் வுழுந்துடும் போல கீது."

"வெள்ளிக்கெய்ம சீட்டோட வரேன் பாரு. எவனாச்சும் என் கொக்கியத் தொட்டான், கைய ஒட்ச்சிருவேன்."

"எவன் தொடுவான்? நான்தான் டெய்லி எண்ண போட்டுகினு கீறேன்."

லூயிஸ் சிரித்தான். நான்கு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து பிலோமி பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது மீன்காரி செல்லம்மா பின்னாலிருந்து கூவினாள்.

"இன்னா நைனா, ஒத்தச் செருப்போட ஊர்கோலமா?"

அவள் கையில் லூயிஸின் இடது செருப்பு இருந்தது. அது கழன்று விழுந்து, ஒரு தெரு தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். குனிந்து பார்க்கும்வரை அவனுக்குத் தெரியவில்லை.

"வாரு லூசாப் பூட்ச்சி" என்றான்.

பிலோமி செருப்பை வாங்கி அவன் காலில் மாட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில் அவன் பெருமையடித்தது நினைவுக்கு வந்தது. தலைமேல் மூட்டை வந்தால் கண்ணை மறைத்துவிடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்ட பலகையில் ஏறும்போது கீழே தண்ணீர். "கண்ணு இன்னாத்துக்கு? காலு பாத்துக்கும்" என்றிருந்தான்.

மறுநாள் டாக்டர் அவனைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பிலோமி சுவரோரம் நின்றாள். வலது பாதத்தில் ஊசி. "குத்துது சார்."

இடது பாதத்தில் ஊசி இறங்கியது.

லூயிஸின் தலை அவள் பக்கம் இம்மியளவு சாய்ந்தது. புருவம் நெரிந்தது. டாக்டர் இன்னொரு முறை குத்தினார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

"ஏதாவது தெரியுதா?"

அவன் காத்திருந்தான். பிலோமி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல சார்."

"இனிமே சுமை தூக்குற வேலை வேணாம்பா."

பஸ்ஸில் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் விஷயம் தெரிந்து கமால் வந்தான். பழைய பேப்பரில் சுற்றிய கொக்கியை வாசற்படியில் வைத்துவிட்டு, டீ குடிக்காமல் போனான். லூயிஸ் அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டான். எண்ணெய் போட்டுப் பளபளப்பாகத்தான் இருந்தது.

உலை வைக்கப் போன பிலோமியின் தொண்டையில் ஈர விறகின் புகை ஏறியது. இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.