கூடை முதலா, ஆள் முதலா

மஹ்ரூபின் கம்ப்யூட்டர் கடை பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். திரைக்கு முன்னால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஜீவராணி. அவளுக்கு இடப்பக்கம், எழுதும் அட்டையை மடியில் வைத்தபடி, அவளோடு படிக்கும் நிசாந்தினியாகிய நான். ஜன்னலோரம், பிரின்டருக்குப் பக்கத்தில் மஹ்ரூப் நானா. நாலாவதாகப் பனிமூட்டம் ஜன்னலால் ஏறி வந்து எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தது.

கொழும்பில் ஒரு நிறுவனம் கணினி விளையாட்டுப் போட்டி வைத்திருந்தது. தேறினால் ஜீவராணிக்கு இலவசப் பயிற்சி. தேறாவிட்டால் சித்திரைக்குப் பிறகு அக்காவோடு தையல் ஆலை. விளையாட்டை எழுதியது அவள். கூடவே போகவேண்டிய விளக்கக் கடிதம் என் பொறுப்பு. இரண்டுக்கும் அன்றே தபால் முத்திரை விழவேண்டும்.

விளையாட்டின் நிரலுக்குள் 'ஆள்' என்று ஒரு பொது கிளாஸ், எல்லா ஆட்களையும் வார்க்கும் அச்சு மாதிரி. நிற்க இடம், நடை, வெறுங்கை, வெறும் முதுகு, இவற்றை, ஓர் ஆள் உருவாகும்போதே ஓடும் அதன் 'தொடக்கம்' கொடுத்துவிடும். அதிலிருந்து இரண்டு பிள்ளைகள்: கங்காணி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். பெண்ணின் தொடக்கம் அவள் முதுகில் கூடையையும் மாட்டவேண்டும்.

ஓடவிட்டோம். பச்சை மலையில் பெண் மெல்ல வந்தாள். முதுகில் கூடை இல்லை. அவள் பறித்த கொழுந்து விழ இடமின்றி, விரல் விட்ட இடத்திலேயே மிதந்தது. கொஞ்ச நேரத்தில் மலை முழுக்க இலைகள் அந்தரத்தில் நின்றன. திரைப் பனி எது, ஜன்னல் பனி எது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பிடியே விடடி, வடிவாக் கிடக்கு," என்றேன்.

"கூடையில்லாம கொழுந்த எங்க நிறுக்கிறது? நிறுத்தாத்தானே ஆட்டம் முடியும்."

"கங்காணிக்கு மட்டும் ஒரு குறையுமில்லையே," என்றார் நானா.

"அவருக்குத்தான் சொமக்க ஒண்ணுமே இல்லையே, நானா."

நானா சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார். "தபால் கந்தோரப் பூட்டப் போறாங்க, புள்ள."

ஜீவராணி தன் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். முதலில் கூடையை மாட்டியிருந்தாள். அதற்குப் பிறகே 'ஆள்' தொடக்கத்தைக் கூப்பிட்டிருந்தாள். அது வந்து, தன் வழக்கப்படி, கையையும் முதுகையும் வெறுமையாக்கிவிட்டுப் போயிருந்தது.

"ஏனடி கூடையை முதல் எழுதினனீ?"

"எங்கம்மா காலையில கூடய மாட்டிக்கிட்டுத்தான் பெரட்டுக்குப் போவாங்க. அங்க பேரு கூப்பிட்டு மலய பிரிச்சுக் குடுப்பாங்க. அதே மாதிரி எழுதிட்டேன்." விரல் அந்த வரியிலேயே நின்றது. "ஆனா இது பெரட்டு இல்லடி. இது பொறப்பு. யாரு கூடையோட பொறக்குறா?"

'ஆள்' தொடக்கத்தைக் கூப்பிடும் கடைசி வரியை வெட்டி முதலில் ஒட்டினாள். மறுபடி ஓடவிட்டாள். பெண் வந்தாள், முதுகில் கூடை இருந்தது. பறித்த கொழுந்துகள் தூக்கம் கலையாதவை போல அசைந்து அசைந்து அதற்குள் இறங்கின. தராசு வந்தது. ஆட்டம் முடிந்தது.

நானா சீடியில் பதித்துக் கொடுத்தார். நான் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இதில் வரும் பெண் முதலில் பிறக்கிறாள், பிறகுதான் சுமக்கிறாள்.'

"இதெல்லாம் எதுக்குடி?" என்றாள் ஜீவராணி. ஆனாலும் வெட்டச் சொல்லவில்லை.

உறையின் வாயை அவளே ஒட்டினாள். தபால் கந்தோர் ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. உள்ளே நீட்டினாள். முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.