அந்தச் சுவர் அந்த ஊர்ல இல்ல

1

முதல்லயே சொல்லிடுறேன், இது கதையா ஆரம்பிக்கல. நம்ம குரூப்ல ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: அடுத்த மாசமும் மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு வருது, குடும்பத்தோட எந்த ஊருக்குப் போலாம்னு. அதுக்குக் கமெண்ட் போடத்தான் உட்கார்ந்தேன். ஏரி ஊர், கடல் ஊர், அரண்மனை ஊர்னு மூணு எழுதினேன். (பேரு போடல. போட்டா எந்த ஊர் ஒசத்தின்னு கீழ சண்டை ஆரம்பிச்சிடும். போன தடவை பார்த்தோம்ல.)

ஏரி ஊர்னா படகு வரிசை நீளம், விடிஞ்சதும் போயிடுங்க. கடல் ஊர்ல ரூமைக் கடலுக்கு நேரா எடுக்காதீங்க, காத்துல ஜன்னல் அடிச்சுக்கிட்டே இருக்கும். அரண்மனை ஊர்ல நடை ஜாஸ்தி, புதுச் செருப்பு போட்டுட்டுப்

இந்த இடத்துல கை நின்னுடுச்சு. ஏன்னா இப்போ, நான் இதை அடிச்சிட்டு இருக்கிற இந்த நேரம், எங்க அக்காவும் மாமாவும் அந்த அரண்மனை ஊர்லதான் இருக்காங்க. ரெண்டு பேர் ரகசியமும் என்கிட்ட இருக்கு. அவரோடது அவளுக்குத் தெரியாது, அவளோடது அவருக்குத் தெரியாது. எனக்குக் காலைலேர்ந்து இருப்பு கொள்ளல. அதான் கமெண்ட் கதையாயிடுச்சு. நீளமா போனா அட்மின் மன்னிக்கணும்.

2

ஆரம்பம் மட்டும் மூணு எழுதிப் பார்த்தேன்.

"அதிகாலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் அரண்மனைக் கோபுரத்தைத் தழுவிய வேளையில்" வேணாம். நான் பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன் பார்க்குறவ. தினம் நான் எழுதுறது "நாளைக்குப் பத்து மணிக்கு வரவும், சாப்பிட்டுவிட்டு வரவும்". கதிரவனுக்கும் எனக்கும் பழக்கமில்ல.

"அந்த ஓட்டுநரின் கண்களில் இனம்புரியாத சோகம்" எங்க மாமா கண்ணுலயா? பஞ்சர் ஆனாக்கூட சிரிச்சுட்டே ஜாக்கி எடுக்கிற ஆளு.

"அந்த மனுஷன் எது கேட்டாலும் ஆமான்னு தலையாட்டிடுவாரு." இது உண்மை. இதையே வச்சுக்கிறேன். பில்லுல ஜாஸ்தி போட்டாலும் ஆமா, அக்கா குழம்புல உப்பு பத்தலயான்னு கேட்டாலும் ஆமா, சரியா இருக்கான்னு கேட்டாலும் ஆமா. வாயால சொல்றதுக்கு முன்னாடி தலை ஆடிடும்.

3

மாமா டூர் பஸ் ஓட்டுறாரு. ஊருக்கே லீவுன்னா அவருக்கு டூட்டி. நான் சொன்ன மூணு ஊருக்கும் அவரு எத்தனை நடை போயிருப்பாருன்னு அவருக்கே கணக்கில்ல. வீட்டுக்கு வந்ததும் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லுவாரு. ஏரில பனி இறங்குறது, கடல் ஊர்ல மீன் ஏலம், அரண்மனைல ஒரு சுவர். அந்தச் சுவர்ல ஒரு மூலைல வாயை வச்சு முணுமுணுத்தா, அந்தக் கோடி மூலைல காதை வச்சவங்களுக்கு மட்டும் பளிச்சுனு கேக்குமாம். நடுவுல நிக்கிறவனுக்கு ஒண்ணும் கேக்காதாம். அக்கா வாயைப் பொளந்துட்டு கேப்பா.

இனிமே வர்றதை நீங்க நம்ப மாட்டீங்க. எனக்கே இந்த கேரக்டர் மேல சந்தேகம்தான். ஆனா அப்படித்தான் நடந்துச்சு: மாமா எந்த ஊரையும் பார்த்ததே இல்ல. என்கிட்ட மட்டும் ஒரு நாள் அவரே சொன்னது.

[யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பூரா ஓட்டிட்டு, விடியக்காலைல ஊர் போய்ச் சேர்ந்து, ஜனங்களை இறக்கிவிட்டா, மனுஷன் தூங்கத்தானே செய்வான். பெட்டி வைக்கிற அடி டிக்கில பாயை விரிச்சுத் தூக்கம். அவரு பார்த்தது மூணு ஊர் பார்க்கிங்தான். சாயங்காலம் எல்லாரும் ஏறி, அவரு சீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து பேசிட்டு வருவாங்க. அதைக் கேட்டுட்டு வந்து அக்காகிட்ட சொல்லுவாரு. பார்த்தேன்னு சொன்னதில்ல. பார்த்தீங்களான்னு அவளும் கேட்டதில்ல.]

4

இந்த வாரம் அவரு பஸ் இஞ்சின் வேலைக்குப் போயிடுச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து முதல் தடவையா நீள லீவுல மாமா வீட்ல. அக்கா விடுவாளா? "அந்தச் சுவர் ஊருக்குப் போலாங்க"ன்னா. அவரு தலை ஆடிடுச்சு.

வியாழக்கிழமை நான் சூட்கேஸ் குடுக்கப் போனேன். அக்கா புடவையை மடிச்சுக்கிட்டே சொன்னா:

"பாப்பா, அவருக்குக் கம்பெனில ஷெட் சூப்பர்வைசர் வேலை தர்றேங்கிறாங்க. பகல் வேலை. லீவுன்னா லீவு. இதோட நாலாவது தடவையா கூப்பிடுறாங்க. எல்லாத்துக்கும் ஆமாங்கிறவரு, இதுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வேணாம்னுட்டாரு. திங்கக்கிழமை திரும்ப பதில் சொல்லணும்."

"நீ கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சிரிச்சே மழுப்புவாரு. அதான் அந்தச் சுவர்ல வச்சுக் கேக்கப் போறேன். மூஞ்சியப் பார்க்காம."

"என்னன்னு கேப்ப?"

அவ புடவையை விட்டுட்டா. "லீவு நாள்ல என்கூட இருக்கப் பிடிக்காமத்தான் வண்டிய எடுத்துட்டு ஓடுறீங்களான்னு."

(எனக்கு நாப்பத்தாறு வயசு. வீட்ல இன்னும் பாப்பாதான். அதனாலதான் எல்லாரும் என்கிட்ட எல்லாத்தையும் கொட்டுறாங்க. கொட்டினதை நான் எங்க கொட்டுறதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.)

5

காலைல, நான் ரெண்டாவது ஆரம்பத்தை அழிச்சிட்டு இருக்கும்போது மாமா போன். ஹோட்டல் வாசல்லேர்ந்து, குசுகுசுன்னு.

"பாப்பா, அந்தச் சுவர் எந்தப் பக்கம்னு நெட்ல பாரு. உங்க அக்கா குளிச்சிட்டு இருக்கா."

"பயணம் எப்படி இருந்துச்சு மாமா?"

"அதை ஏன் கேக்குற. அந்த டிரைவர் பிரேக்கே போடல. வழி பூரா நான்தான் காலால தரைய மிதிச்சுட்டே வந்தேன். முட்டி வலிக்குது. நீ சுவரப் பாரு."

பார்த்தேன். அப்படி ஒரு சுவர் இருக்கு. ஆனா அது ஏரி ஊர்ல, ஒரு பழைய மண்டபத்துல. அரண்மனை ஊர்ல இல்லவே இல்ல. யாரோ ஏரி ஊர்ப் பயணி சொன்னதை மாமா அரண்மனைல கொண்டுபோய் வச்சிட்டாரு.

சொன்னேன். மறுபடி நல்லாப் பாருன்னாரு.

"பார்த்துட்டேன் மாமா. ஏரி ஊர்தான்."

"சரி, உங்க அக்காகிட்ட வாயத் திறந்துடாத."

நான் சும்மா இருந்திருக்கணும். வாய் சும்மா இருக்கல. "ஏன் மாமா அந்த ஷெட் வேலைய வேணாங்கிறீங்க?"

"ஷெட்ல என்ன இருக்கு பாப்பா? டயர் வரும், டயர் போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உங்க அக்காகிட்ட டயர் கதையா சொல்றது? ரெண்டே நாள்ல தூங்கிடுவா."

அப்புறம், "வந்துட்டா, வச்சிடுறேன்"னு வச்சிட்டாரு.

6

இப்போ நான் என்ன பண்ணணும்? கதை எழுதுறவ நான். ரெண்டு பேரும் என் கைலதான் இருக்காங்கன்னு நெனச்சேன். முடிவு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒண்ணு: சுவர்ல பராமரிப்பு வேலை நடக்குது, உள்ள விட மாட்டாங்கன்னு மாமா சொல்லிடுவாரு. அக்கா ஏமாந்து போயி

வேணாம். கேள்வி அவ தொண்டைலயே நின்னுடும். திங்கக்கிழமை வந்துடும்.

முடிவு ரெண்டு: அக்காவுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும், சிரிச்சுக்கிட்டே அவரு கையைப் பிடிச்சிக்கிறா. இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். சோபாவுல படுத்துட்டே சொன்னாரு: "உங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்திருப்பாளா?" சரிதான். அழிச்சிட்டேன்.

முடிவு மூணு: மாமா உண்மையைச் சொல்லி, அக்காவை பார்க்கிங்குக்குக் கூட்டிட்டுப் போய், தான் தூங்கின இடத்தைக் காட்டி

இது நல்லா வந்துட்டு இருந்துச்சு. அப்போதான் போன் அடிச்சுது.

7

"பாப்பா, மாட்டிக்கிட்டேன்."

"என்னாச்சு மாமா?"

"அரண்மனைக்குள்ள ஒரு நீள வராண்டா. உங்க அக்கா அதைப் பார்த்துட்டு, 'இதுதானேங்க அந்தச் சுவர்?'னு கேட்டா."

"நீங்க?"

"ஆமான்னுட்டேன்."

(சொன்னேன்ல.)

"என்னை இந்தக் கோடில நிறுத்திட்டு அவ அந்தக் கோடிக்குப் போயிட்டா. சுவர்ல வாயை வச்சு ஏதோ சொன்னா பாப்பா. நானும் காதை வச்சேன். ஒரு மண்ணும் கேக்கல. நடுவுல ஒரு ஸ்கூல் கூட்டம் வேற கத்திட்டுப் போகுது. சொல்லி முடிச்சிட்டு என்னையே பார்க்குறா. போனைச் சுவர்ப்பக்கம் மறைச்சுட்டுப் பேசுறேன். என்ன கேட்டிருப்பா? பசிக்குதான்னு கேட்டிருப்பாளா? நான் பாட்டுக்கு ஆமான்னு தலையாட்டிடவா?"

"மாமா, தலைய மட்டும் ஆட்டிடாதீங்க."

"ஏன்?"

"ஆட்டாதீங்கன்னா ஆட்டாதீங்க. கழுத்தை அசைக்காம நில்லுங்க."

நிக்கிறாராம். போன் ஸ்பீக்கர்ல இருக்கு, நான் ரெண்டு கையாலயும் டைப் அடிச்சிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழுந்து பின்னாடி வந்து நிக்கிறாரு.

கேள்வி என்னன்னு மாமாகிட்ட சொல்லிடலாம். ஆனா அக்கா அதை என்கிட்ட நம்பிச் சொன்னது. பதிலும் எனக்குத் தெரியும், ஆனா அதை நான் எடுத்துக் குடுத்தா அது அவரு பதிலா இருக்காது, என் வசனமாயிடும். "அந்தச் சுவர் இது இல்ல, எனக்கு எதுவும் கேக்கல"ன்னு நேரா நடந்து போய்ச் சொல்லச் சொல்லலாம். அப்புறம் வேற எந்த ஊர்லல்லாம் எதெல்லாம் இல்லன்னு அவ கேக்க ஆரம்பிச்சா?

"பாப்பா, இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"உங்க அக்கா இப்போ காதைச் சுவர்ல வச்சுட்டா. கண்ணை மூடிட்டா. நான் பதில் சொல்லுவேன்னு காத்துட்டு இருக்கா."

அவரு அந்தக் கோடிலேர்ந்து என்ன சொன்னாலும் அவளுக்குக் கேக்காது. அது அவருக்கும் தெரியும். அவரு மூச்சு சத்தம் மட்டும் எனக்குக் கேக்குது.

நான் எழுதுறதை இதோட நிறுத்துறேன். குரூப்ல இவ்வளவு பேர் இருக்கீங்க, கல்யாணம் ஆகி வருஷக்கணக்கானவங்க எத்தனையோ பேர். மாமாவுக்கு நான் என்ன சொல்லட்டும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா சீக்கிரம் சொல்லுங்க. அவ ரொம்ப நேரம் கண்ணை மூடிட்டு நிக்க மாட்டா.