ஹன்னா வின்ஸ்லேடின் வெள்ளவத்தைச் சிநேகிதி

இறந்து இருநூறு வருடங்கள் ஆகிவிட்ட ஹன்னா வின்ஸ்லேட் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அருந்ததிக்குக் கடிதம் போட்டாள். உறை இல்லை, தபால் முத்திரை இல்லை. தடித்த தாளை மடித்துச் சிவப்பு அரக்கு வைத்திருந்தது. முத்திரை ஒட்டாத கடிதத்துக்குத் தண்டம் கட்டவேண்டும் என்றார் தபால்காரர். அருந்ததி கட்டி வாங்கிக்கொண்டாள்.

கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பம்பலப்பிட்டியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, அமெரிக்க நூலகம் ஒன்றுக்காக வின்ஸ்லேட் குடும்பத்தின் பழைய கடிதங்களை வீட்டிலிருந்தே கணினியில் தட்டச்சு செய்துவந்தாள். அந்த நாடு பிறந்த காலத்தில் ஹன்னாவின் கணவர் செனட்டராக இருந்தவர். அவருடைய கடிதங்களில் சட்டமும் கோபமும் தவிர வேறொன்றும் இல்லை. நாட்டை நடத்தியது ஹன்னாதான் என்பது அருந்ததியின் முடிவு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு கட்சிக்காரரையும் ஹன்னா ஒரே மேசைக்குத் தேநீருக்கு அழைப்பாள். யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்துவது என்று தங்கைக்குப் பக்கம் பக்கமாக எழுதுவாள். தோற்றுப்போன ஒருவருக்கு ஆறுதல் சொல்லி ஒரு போத்தல் ஆப்பிள் ஜாம் அனுப்புவாள். அடுத்த வாக்கெடுப்பில் அவருடைய கை செனட்டருக்காக உயரும்.

வந்த கடிதம் சுருக்கமானது. தன் கடிதங்களை யாரோ மிகக் கவனமாக வாசிப்பது தெரியும் என்றும், அறிமுகமாகாமல் அடுத்தவர் கடிதத்தை வாசிப்பது தங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை என்றும் ஹன்னா எழுதியிருந்தாள். அருந்ததி வெட்கப்பட்டு அன்றே தன்னை அறிமுகம் செய்து பதில் எழுதினாள். முகவரியில் 1793 என்று இருந்ததைப் பார்த்த தபால் கந்தோர்ப் பெண், வருடத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, எடைக்குத்தான் என்று சிங்களத்தில் சொல்லி முத்திரை ஒட்டினாள்.

அதன் பிறகு கடிதங்கள் ஒழுங்காக வந்தன. ஹன்னா தன் கடைக்குட்டி லூசியைப் பற்றித்தான் அதிகம் எழுதினாள். ஆறு வயது. மேசைக்கடியில் இருந்து அரசியல் கேட்பாளாம். லூசியின் மரணத்துக்கு 1793இல் வந்த அனுதாபக் கடிதங்கள் என்று நூலகத்தின் பட்டியலில் ஒரு பெட்டி இருந்தது. அருந்ததி இன்னும் திறக்காத பெட்டி.

ஆவணியில் செனட்டர் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சலில் விழுந்தார். லூசியையும் கூட்டிக்கொண்டு புறப்படுவதாக ஹன்னா எழுதினாள். போகவேண்டாம் என்று அருந்ததி மன்றாடினாள். "என் புருஷன் அங்கே தனியாகக் கிடக்கிறார். போகாதே என்று சொல்லாதே, போனால் என்ன செய்யவேண்டும் என்று சொல்" என்று பதில் வந்தது.

என்ன செய்யவேண்டும் என்று அருந்ததிக்குத் தெரியும். டெங்கு கொழும்பை அள்ளிய வருடத்தில் அவளுடைய ஒரே மகள் சுபோதினி இருபது வயதில் போனாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஹன்னாவுக்கு எழுதினாள். காய்ச்சலைக் கொண்டுவருவது காற்றோ நாற்றமோ அல்ல, காலில் வெள்ளைக் கோடு போட்ட நுளம்பு. அது பகலில் கடிக்கும். மழைத் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கவிழ்த்துவிடு, பிள்ளையைப் பகலிலும் வலைக்குள் வை என்று விளக்கினாள்.

கீழ்வீட்டு மர்லியா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க சொன்னா அவங்க நம்புவாங்களா?" என்று கேட்டாள்.

"தாய்தானே. நம்பாட்டிலும் செய்வா."

பிறகு கடிதம் வரவில்லை. ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. ஒருநாள் காலை அருந்ததி மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணினியில் அந்தப் பெட்டியைத் திறந்தாள். அனுதாபக் கடிதம் ஒன்றுகூட இல்லை. பட்டியலிலும் பெயர் மாறியிருந்தது. உள்ளே கோணல்மாணலான பிள்ளைக் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. பகல் முழுக்க வலைக்குள் இருத்தி வைக்கச் சொன்ன வெள்ளவத்தை மாமியோடு தனக்குக் கோபம் என்று லூசி எழுதியிருந்தாள். அருந்ததி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

நடந்ததை ஹன்னா பின்னால் எழுதினாள். நுளம்பு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று, அந்தத் தெரு வீட்டுக்காரப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து, வாசலில் பீப்பாய் வைப்பது இப்போது நாகரிகம் இல்லை என்றாளாம். மறுநாளே தெரு முழுக்கப் பீப்பாய்கள் கவிழ்ந்து கிடந்தன. செனட்டரும் பிழைத்தார். அந்தப் பெண்ணின் கெட்டித்தனத்தை அருந்ததி வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

யாரும் கொண்டுவந்து வைக்காத புதுப் பெட்டிகள் இறாக்கைகளில் நிற்பதாக நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலையைத் தொடர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அருந்ததி ஓம் என்றாள். அங்கே வருடங்கள் வேகமாக ஓடின. ஹன்னா கண்மூடிய பிறகு லூசி எழுதினாள். கலியாணம் கட்டினாள், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தாள், அடிமை முறையை எதிர்த்துக் அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர் ஒருவரையும் விடாமல் கடிதத்தால் துளைத்தாள். தாயைப் போலவே எதிரிகளையும் தேநீருக்கு அழைத்தாள்.

போன வைகாசியில், லூசி எண்பத்திரண்டு வயதில் தன் கட்டிலிலேயே காலமானதாகப் பேத்தி எழுதியிருந்தாள். அருந்ததி தலைமுழுகினாள், அடுப்பு மூட்டவில்லை. மர்லியா இடியப்பம் அவித்து, சொதியும் வைத்துக் கொண்டுவந்தாள். செத்தவீடு என்பதால் மீன் போடவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். கஷ்டப்பட்டாவா என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை. நித்திரையிலதான் போனவ."

நிறைவான சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். பாமன்கடையிலிருந்து வந்த பெண்மணி எழும்பும்போது, எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு எப்போது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றாள் அருந்ததி.