கண்ணாடி துடைக்கும் இன்ஸ்பெக்டர்

சுஜாதாவுக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு டீ கொண்டுவரும் கான்ஸ்டபிள் வேஷம்தான் கிடைத்தது.

மகளிர் தினத்துக்கு நாடகம் போடலாம் என்று கிளம்பியவர் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி வெங்கடப்பன். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் எந்தக் காலத்திலோ எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை போலீஸ் தொடரை யூட்யூபில் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அதிலிருந்து ஒரு கதையை எடுத்து, இன்ஸ்பெக்டரைப் பெண்ணாக்கித் தமிழில் எழுதியிருந்தார். நடிக்க ஆசைப்படுகிறவர்கள் பார்க்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் தொடரையும் அனுப்பினார்.

மத்திகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் நாற்பது நிமிஷமும் சுஜாதா அதைத்தான் பார்த்தாள். ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் புரிந்தார். துப்பாக்கி கிடையாது, சண்டை கிடையாது. மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து காத்திருப்பார். பொய் சொன்னவனுக்குத் தானாக வேர்க்கும். பதினோரு வருஷமாக உதிரிபாகங்களின் தரப் பரிசோதனையில் இருக்கிற சுஜாதாவையும் லைனில் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வேஷம் தன் வீட்டு முகவரிக்கே வந்த கடிதம் போலிருந்தது அவளுக்கு.

கேன்டீனில் நாடகத்துக்கு ஆள் எடுத்த அன்று அவளுக்குள் என்ன புகுந்ததோ, மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்து, "உண்மையச் சொல்லுடா!" என்று கத்தினாள். எல்லாரும் விசிலடித்தார்கள். வெங்கடப்பன் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது நம்ம சினிமா போலீஸும்மா, இது பேடா, வேணாம். அந்தத் தொடர்ல ஹீரோ மூஞ்சியா தேடி எடுக்கல. கூட்டத்துல நின்னா அடையாளம் தெரியாத ஆளா பாத்து எடுத்தாங்க. அந்த மனுஷன் குரலையே ஒசத்த மாட்டாரு."

அடுத்து வந்தாள் தமிழ்செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது. எட்டு மாதமாக சுஜாதாவின் லைனில் மெஷின் ஓட்டுகிறாள். யாரிடமோ இரவல் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அதைக் கழற்றித் துப்பட்டா முனையால் துடைத்தாள். முதலில் இடது பக்கம், அப்புறம் வலது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, எதிரில் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

கேன்டீனில் ஸ்பூன் சத்தம்கூட நின்றுவிட்டது.

மூன்றாவது ஒத்திகையில், தட்டைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோதுதான் சுஜாதாவுக்கு உறைத்தது. அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்குக் கண்ணாடியே கிடையாது. அது என் கை. ஒரு பீஸைத் தேறாது என்று தள்ளிச் சிவப்பு டேக் கட்டுவதற்கு முன்னால் நான் செய்வது அது. இடது, அப்புறம் வலது, அப்புறம் வெளிச்சம்.

திருடியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தன்னைவிட நன்றாகச் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோரு வருஷத்தில் அவள் கண்ணாடி துடைத்ததை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. என் கையை எடுத்துக்கொண்டாள் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

"என்னா சுஜா, நின்னுட்டே கனவா? டீ ஆறிடப் போவுது, மேடத்துக்குக் குடு" என்றாள் குற்றவாளியின் அம்மாவாக நடித்த காளியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்செல்வியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் சுஜாதா அதை வீடுவரை கொண்டுபோனாள்.

இன்னொன்றையும் கொண்டுபோனாள். "தமிழ்செல்விக்கு ஏதாவது ஆச்சுன்னா சுஜாதா மேடம் இருக்காங்க, வசனமெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி" என்று வெங்கடப்பன் போகிறபோக்கில் சொன்னது.

நாடகத்தன்று மூன்று மணிக்கு மேடை. பன்னிரண்டரைக்குத் தமிழ்செல்வியின் மெஷினில் டூல் உடைந்தது. புது டூல் போட்டால், அதில் வரும் முதல் பீஸை இன்ஸ்பெக்டர் பார்த்துப் பச்சை டேக் கட்டவேண்டும். சிவப்பு கட்டினால் செட்டிங் எல்லாம் முதலிலிருந்து. சரியான பீஸ் வரும்வரை ஓட்டுகிறவள் மெஷினை விட்டு நகரக்கூடாது. எப்படியும் நாலு மணியாகிவிடும்.

தமிழ்செல்வி பீஸை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, கொஞ்சம் வெரசா பாத்துருங்கக்கா. மேக்கப்புக்குக் கூப்புடுதாங்க."

சுஜாதா பீஸை வாங்கினாள். பக்கத்திலேயே துளையை அளக்கும் கேஜ் இருந்தது. அதை எடுக்கவில்லை. பீஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிவப்பு டேக்கில் 'துளை அளவு தவறு' என்று எழுதிக் கட்டினாள்.

தமிழ்செல்வி அந்த டேக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நிக்கற? போய் செட்டிங்கப் பாரு."

"பாக்கேன்க்கா." நகரவில்லை. "ஒண்ணு கேக்கட்டா? தள்ளுறதுக்கு முன்னால நீங்க கண்ணாடியத் தொடப்பீங்க. இந்த எட்டு மாசத்துல ஒரு தடவகூட விட்டதில்ல. இன்னைக்குத் தொடைக்கலையே?"

குரல் உயரவில்லை. குற்றம் சொல்வதாகவும் இல்லை. சுஜாதாவுக்குக் கழுத்தோரம் வேர்த்தது.

"வேல நேரத்துல மெஷினப் பாப்பியா, என்னப் பாப்பியா?"

"அந்தத் தொடரப் பாருன்னாரு சாரு. எனக்கு இங்கிலீஷ் எங்கக்கா தெரியும்? நம்ம லைன்லயே ஒரு இன்ஸ்பெக்டர் இருக்காங்களேன்னு உங்களப் பாத்தேன்."

இதைக் கேட்டு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இவள் என்னைப் பார்த்த அளவுக்கு நானே என்னைப் பார்த்ததில்லையே என்று இன்னும் ஒரு பொறாமை சேர்ந்துகொண்டது. ஆனாலும் சுஜாதா கண்ணாடியைக் கழற்றினாள். இடது, அப்புறம் வலது. கேஜை எடுத்துத் துளையில் விட்டாள். போகவேண்டிய முனை வழுக்கிக்கொண்டு போனது. போகக்கூடாத முனை வாசலிலேயே நின்றது. நல்ல பீஸ். சிவப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பச்சையைக் கட்டினாள்.

"போ."

"தேங்க்ஸ்க்கா." அந்தப் பெண் வேறொன்றும் கேட்காமல் ஓடினாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்று மணிக்கு சுஜாதா டீத் தட்டோடு மேடை ஓரத்தில் நின்றாள். நடுவில் தமிழ்செல்வி கண்ணாடியைக் கழற்றினாள். முந்நூறு பேர் மூச்சுவிடாமல் அந்தக் கையையே பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் கைதட்டல் கிளம்பியது, ஓயவேயில்லை.

இப்போது சுஜாதா உள்ளே போகவேண்டும். கேன்டீன் டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆவி ஏறி அவள் கண்ணாடியைப் புகைபோல் மறைத்தது. வலது கை தானாகக் கண்ணாடிக்குப் போய், பாதியில் நின்றது. இத்தனை பேர் முன்னால் இப்போது துடைத்தால், தமிழ்செல்வியைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்பார்கள்.

ஒன்றும் தெரியாத கண்ணோடு மேஜை இருக்கும் திசையை நினைத்து நடந்துபோய்த் தட்டை வைத்தாள்.

"டீ, மேடம்."