இறக்கத்தில் கேட்ட சத்தம்

மருந்துக்கடை நடத்துகிற அவள் எதையும் தேதி பார்க்காமல் வாங்கமாட்டாள். கார்பன் ரேஸ் சைக்கிள் மேல் ஆசை வந்தபோதும் மூன்று மாதம் விசாரித்தாள். பேர்பெற்ற கம்பெனிகள் யானை விலை குதிரை விலை சொன்னன. புதிய கம்பெனி ஒன்று அதில் பாதிக்குக் கொடுத்தது. எடை ஏழரைக் கிலோ, ஐந்து வருட வாரண்டி. இணையத்தில் கருத்து எழுதியவர்கள் எல்லாரும் புகழ்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பற்றிக் குறை எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அந்த இரண்டும் இல்லை. அது அவளை உறுத்தியது.

“என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சியா?” என்றார் கணவர்.

“விசாரிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்.”

சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார். “மலையில ஏத்திப் பாருங்க மேடம். பட்டு மாதிரி போகும்.”

ஞாயிறு காலை கணவர் ஸ்கூட்டரில் பின்னால் வர, அவள் மலைச்சாலையில் ஏறினாள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. சைக்கிள் தானாகவே ஏறுவதுபோல் ஏறியது. உச்சியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். இதையே வாங்கிவிடலாம் என்று அப்போது முடிவும் செய்துவிட்டாள்.

மூன்றாவது வளைவில் முன்பிரேக்கை அழுத்தியபோது ‘டிக்’ என்றது.

காதில் கேட்டதைவிட உள்ளங்கையில்தான் அதிகம் உணர்ந்தாள். அடுத்த வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பினாள். சக்கரம் அரை நொடி கழித்துத் திரும்பியது. ஹேண்டில்பாரையும் ஃபோர்க்கையும் இணைக்கிற தண்டு உள்ளே விரிசல் விடுகிறது. முன்பிரேக்கை இனி தொடக்கூடாது. பின்பிரேக் மட்டும் இந்த இறக்கத்துக்குப் போதாது. ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் மர உச்சிகள்.

கணவர் உற்சாகமாக ஹாரன் அடித்தார். அவள் வேகத்தை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கத்த வாய் திறந்தாள். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கையின் பாரத்தைக் குறைத்து, பின்பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தாள். எதிரே ஒரு வேன் வந்தது. அது உரசிக்கொண்டு போனபோது கண்ணை மூடிவிட்டாள். திறந்தபோது, சாலையோரம் வண்டிகள் ஒதுங்க ஜல்லி கொட்டிய இடம் தெரிந்தது. அதற்குள் விட்டாள். பின்சக்கரம் சறுக்கியது; பக்கவாட்டில் விழுந்து தேய்ந்துகொண்டு போய் நின்றாள்.

எழுந்து சைக்கிளைத் தூக்கினாள். ஹேண்டில்பார் மட்டும் கையோடு வந்தது.

கணவருக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தத் தோன்றவில்லை. கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். “ஒண்ணுமில்லல்ல? ஒண்ணுமில்லல்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் முறிந்த தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பேட்ச் எண் அச்சிட்டிருந்தது. ஒரு மருந்தில் கோளாறு என்றால் அந்த பேட்ச் முழுவதையும் திரும்பப் பெறுவார்கள். கடைக்காரருக்கு போன் செய்தாள்.

“எங்கயாவது குழியில விட்டிருப்பீங்க மேடம்.”

“அண்ணா, இதே பேட்ச்ல எத்தனை வித்தீங்க?”

பில் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “மூணு.”

“இப்பவே கூப்பிட்டு ஓட்டாதீங்கன்னு சொல்லுங்க. நான் லைன்லயே நிக்கிறேன்.”

அவர் இன்னொரு போனில் பேசுவது கேட்டது. இரண்டு பேர் எடுத்தார்கள். மூன்றாவது ஆள் நீச்சல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே மலைக்கு வருகிறவர். ஆறு முறை அடித்தும் அவர் எடுக்கவில்லை.

“நான் வேனை எடுத்துட்டு வரேன்,” என்றார் கடைக்காரர்.

வாத்தியாரைத் தேடி மறுபடி உச்சிக்குப் போக, முழங்காலில் ரத்தம் வழிய அவள் கணவரின் பின்னால் ஸ்கூட்டரில் ஏறினாள். இறங்கும்போது பிரேக்காவது அவள் கையில் இருந்தது. இப்போது எதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. கணவரின் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிளாஸ்டிக் பைதான்.

மலையின் மறுபக்கமாக ஏறிவந்த நீச்சல் வாத்தியார் உச்சியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். போன் பையின் அடியில் கிடந்தது.

“இறங்கிடாதீங்க!” அவள் கத்திய கத்தலில் அவர் ரொட்டியைக் கீழே போட்டார்.

வேனில் வந்த கடைக்காரர் அங்கேயே வாத்தியார் சைக்கிளின் ஃபோர்க்கைக் கழற்றினார். தண்டில் ஒரு கோடு, தலைமுடி கனத்தில், முக்கால் சுற்று ஓடியிருந்தது. வாத்தியார் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

ஓட்டியவரின் தவறு என்று கம்பெனி பதில் எழுதியது. கடைக்காரர் மிச்சமிருந்த எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் முறிந்த தண்டின் படத்தோடு இணையத்தில் ஆறு இடங்களில் எழுதினாள். அழிக்கப்பட்டால் மறுபடி போட்டாள்.

சைக்கிள் மட்டும் வாங்கவில்லை. கணவர் கேட்டால், “பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்கிறாள். எதையும் பார்ப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.